பூசம் முடிஞ்சதும் கிளம்பறோம், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடுதாசி வந்தது. பாப்பாவுக்கு வேலை கிடைச்ச சேதியைப் படிச்சதும் உன் தங்கச்சி எழுந்து போய் சாமி படத்துக்கு விளக்கேத்திட்டுத்தான் மறுக்கா வந்து மீதியைக் கேட்டா. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப பேப்பரைக் கண்ணாடி இல்லாமலே எழுத்துக் கூட்டறாங்க. ஐப்பசி மழை இந்தத் தடவை நல்லாவே பெஞ்சதுல தோட்டத்துக் கிணறும் நெறஞ்சு நிக்குது.

சைக்கிள் பயணத்துக்கு நீயும் வர்றேன்னு கடைசியில ஒத்தை வரி எழுதியிருந்தே. படிச்சதும் எனக்கு நெம்ப சந்தோஷம். அதனால உனக்கு எல்லாத்தையும் விவரமாச் சொல்லிடணும்னு உக்காந்திருக்கேன்.

தைப்பூசம் முடிஞ்சு, பழனிக்குப் போற எடப்பாடிக் காவடியும் ஊர் திரும்பின பிறகு கிளம்பறதுன்னு முடிவாயிருக்குது. அதுக்கு முன்னால தாராபுரம், பழனி ரோடு பூரா பாதயாத்திரைக் கூட்டம். ராப்பகலா நடக்கறவங்களுக்குப் பின்னால நாம பெல் அடிச்சுட்டுப் போறது எனக்குச் சரியாப் படலை. மொத்தம் அஞ்சு நாள். நாளுக்கு 70, 80 கிலோமீட்டர். கோவையில கிளம்பி அன்னூர், புளியம்பட்டி வழியா சத்தியமங்கலம். மறுநாள் கோபி, பவானி, ஈரோடு. மூணாம் நாள் அறச்சலூர், காங்கயம், தாராபுரம். நாலாம் நாள் பழனி வழியா உடுமலை. அஞ்சாம் நாள் பொள்ளாச்சி வந்து வீடு.

இதையே திருப்பிப் போட்டு, பொள்ளாச்சித் தென்னந்தோப்புல இருந்து ஆரம்பிக்கலாம்னு கூட வர்ற நம்ம சைக்கிள் கூட்டத்துப் பசங்க சொன்னாங்க. நான்தான் பிடிவாதமா வேண்டாம்னேன். பாலக்காட்டுக் கணவாய் இருக்கற ஊர்ல காத்தைக் கேக்காம வண்டி எடுக்கக் கூடாது. ஆடியில மேக்கே இருந்து வந்து பல்லடம், உடுமலைக் காத்தாடிகளைச் சுத்த வைக்கற காத்து, தை மாசியில கிழக்கே இருந்து கணவாயைப் பார்த்துப் போகும். முதல் ரெண்டு நாள் கால் தெம்பா இருக்கும்போதே அந்த எதிர்க்காத்தை வாங்கிக்கலாம். பழனியில இருந்து மேக்கே திரும்பறப்ப, அலுத்துப் போன நேரத்துல, அது நம்ம முதுகைப் புடிச்சுத் தள்ளட்டும்.

ஆனா மாப்ளே, காத்தைவிட எனக்கு நெம்பக் கவலை ரெண்டாம் நாள் காலையைப் பத்தித்தான். ஒரே நாள்ல நூறு கிலோமீட்டர் மிதிக்கறதுக்கு ஆள் நிறையப் பேர் இருக்காங்க. அடுத்த நாள் விடியறதுக்கு முன்னால எழுந்து, நேத்து வலிச்ச அதே இடத்தை அதே சீட்டுல வெச்சு அழுத்தறதுக்குத் தனியாப் பழகணும். அதனால நீ வாரத்துக்கு ஒருக்கா நீளமா ஓட்டிட்டுப் போதும்னு இருந்துடாதே. சனிக்கிழமை 40 கிலோமீட்டர் போனா, ஞாயித்துக்கிழமையும் வெள்ளென எழுந்து 40 போ. முதல் நாள் வேகமாப் போனியாங்கறதை நான் கேக்கவே மாட்டேன். ரெண்டாம் நாள் ஏறி உக்காந்தியான்னுதான் கேப்பேன். சென்னையில மேடு கிடையாது. அதுக்குப் பதிலா, மத்தியானத்துக்கு மேல கடல்காத்து எதுக்கற பக்கமாப் பார்த்து ஓட்டு. அதுவே ஏத்தம் மாதிரிதான்.

சீட்டு உசரத்தை இன்னைக்கே பார்த்துடு. யாரையாவது வண்டியைப் பிடிக்கச் சொல்லி ஏறி உக்காந்து, பெடல் அடிமட்டத்துல இருக்கறப்ப குதிகாலை அதுமேல வை. முழங்கால் நேரா நிக்கணும். அப்புறம் விரலை ஒட்டின பாகத்தை வெச்சு மிதிச்சா முட்டி லேசா மடங்கி இருக்கும், அதுதான் கணக்கு. சீட்டு தாழ்வா இருந்தா முட்டியோட முன்பக்கம் வலி எடுக்க ஆரம்பிச்சுரும். சாரி கட்டின ஒரு டீச்சர் அக்காவும் நம்ம கூட்டத்துல வர்றாங்க. அவங்களுக்கு இந்த ஒரு விஷயத்தைச் சரி பண்ணினதுலயே மாடிப்படி இறங்கறப்ப இருந்த வலி போயிருச்சு.

பஞ்சர் ஒட்டத் தெரியும்னு எழுதியிருக்கே. நல்லது. ஆனா காங்கயம் பக்கம் கதையே வேற. கொறங்காட்டை, அதான் மாடு மேயற மேய்ச்சக்காட்டை, சுத்திக் கிளுவை முள்வேலி. வேலி கழிச்ச முள்ளு ரோட்டோரம் சிதறிக் கிடக்கும், சீமைக்கருவேலம் பத்திச் சொல்லவே வேண்டாம். டியூபை மட்டும் ஒட்டிப் போட்டா அஞ்சு நிமிஷத்துல மறுக்கா காத்து போயிரும், ஏன்னா முள்ளு நுனி டயருக்குள்ளயே உக்காந்திருக்கும். ஒரு துண்டுப் பருத்தித் துணியை டயரோட உட்பக்கம் ஒரு சுத்து மெதுவா இழு. முள்ளு இருக்கற இடத்துல நூல் மாட்டும். விரலை விட்டுத் தடவாதே, கிழிச்சுரும். இன்னொண்ணு, டயரை மாட்டறப்பவே அதுல கம்பெனிப் பேர் இருக்கற இடம் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டிக்கோ. டியூப்ல ஓட்டை எங்கன்னு தெரிஞ்சா, வால்வுல இருந்து அளந்து டயர்ல முள்ளு எங்கன்னு சொல்லிடலாம்.

சத்தியமங்கலம் பக்கத்துப் பண்ணாரியில இருந்து திம்பம் மலை ஏறி இறங்கிட்டு வந்துடலாம்னு பசங்க கேட்டாங்க. 27 கொண்டை ஊசி வளைவு. 2013-ல புலிகள் காப்பகம் ஆன காடு, ஆனை நடமாட்டம், பத்தாததுக்கு லாரி. ஏறறதைவிட இறங்கறதுலதான் எனக்குப் பயம். பிரேக்கைப் பிடிச்ச பிடியா வந்தா ரிம் கொதிக்கும், கை விரல் மரத்துரும். அதுக்குன்னு ஒரு நாளை ஒதுக்கித் தனியாப் போகலாம்னு சொல்லி வெச்சிருக்கேன். அதுக்குப் பதிலா கொடிவேரி அணையில இறங்கி ஒரு மணி நேரம் தண்ணியில கால் வெச்சுட்டு, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல விளையற நெல்வயலைப் பார்த்துட்டே கோபிக்குப் போவோம். ஓட்டறப்ப ஒத்தை வரிசைதான். முன்னால போறவர் காத்தை வாங்குவார், பள்ளம் வந்தா கையைக் காட்டுவார், சித்த நேரத்துல ஒதுங்கிக் கடைசிக்குப் போவார். கடைசியில எப்பவும் பம்பும் பஞ்சர் சாமானும் வெச்சிருக்கற கட்டிங் மாஸ்டர் அண்ணன் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.

உன் சர்க்கரை விஷயத்துக்கு வர்றேன். அஞ்சு நாள் தொடர்ந்து மிதிச்சா ரத்தத்துல சர்க்கரை இறங்கும், சில மாத்திரையோட சேர்ந்தா அளவுக்கு மீறியே இறங்கிரும். டாக்டர்கிட்ட பயணத்தை முழுசாச் சொல்லி, அந்த நாள்கள்ல மாத்திரை எப்படிங்கறதை அவர் வாயாலயே கேட்டுட்டு வா. நீயா நிறுத்தாதே. குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப் பையிலயே இருக்கணும், கேரியர் பையில வேண்டாம். கை நடுங்கினாலோ சில்லுன்னு வேர்த்தாலோ அடுத்த ஊர் வரட்டும்னு இருக்காதே, அங்கயே நிறுத்திச் சொல்லு. நாங்க எல்லாரும் நிப்போம். காலையில கம்மங்கூழும் மோரும், மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதமும் நான் ஏற்பாடு பண்ணியிருக்கேன். கவுந்தப்பாடியில நாட்டுச்சர்க்கரை ஏலம் நடக்கறதையும் பார்க்கலாம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்க இருந்துதான் போகுது.

உன் வண்டியை ரயில் பார்சல்ல போடறியா, இல்லை இங்க ஒண்ணைத் தயார் பண்ணட்டுமான்னு எழுது. இங்கதான்னா உன் உள்கால் அளவை, கவட்டில இருந்து குதிகால் வரைக்கும், செருப்பில்லாம அளந்து அனுப்பு. மார்கழி பொறக்கறதுக்குள்ள தெரிஞ்சா ஓவராயிலிங்குக்கு நேரம் இருக்கும். உன் வீட்டுல என் தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாச் சொல்லு.

உன் மச்சான்