அரைக் கிலோ ஆன்டெனா

அன்புள்ள சேகர்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம்.

போன வருடம் ஏற்காட்டில் நம் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஆன்டெனாவுக்கு அலுமினியக் குழாய்களைத் தூக்கி நிறுத்தவே நமக்கு இரண்டு மணி நேரம் ஆனதே, அதற்கு இப்போது ஒரு வழி கிடைத்துவிட்டது. குழாய்க்குப் பதில் ஏழு மீட்டர் ஃபைபர்கிளாஸ் தூண்டில் கம்பு. (கார்பன் கம்பு வாங்கிவிடாதே, அதில் மின்சாரம் பாயும்.) உச்சியில் மெல்லிய வயர் டைபோல் (நடுவில் கேபிள் சேர்ந்து, இரு பக்கமும் சம நீளம் வயர் நீளும் ஆன்டெனா), தலைகீழ் 'வி' வடிவில். கேபிளும் ஆர்ஜி-174 என்ற மெல்லிய வகைதான். கொஞ்சம் சிக்னல் இழப்பு உண்டு, ஆனால் பத்து மீட்டருக்குப் பரவாயில்லை. கம்பு நீங்கலாக எல்லாம் அரைக் கிலோவுக்குள்.

7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப்படி பக்கத்துக்கு பத்து மீட்டர் வெட்டினேன். அளந்தால் 6.85இல் நிற்கிறது! வயரின் பிவிசி உறையும் 'வி' வடிவமும் அதிர்வெண்ணைக் கீழே இழுத்துவிடுகின்றன. வெட்டாமல் நுனியை மடித்து மடித்துக் கட்டினேன், 9.7 மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3க்கு வந்தது.

நடுவில் இருந்து ஐந்து மீட்டருக்குச் சற்று உள்ளே, இருபுறமும் வயரை வெட்டி, ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் புல்லட் கனெக்டர் போட்டேன். கழற்றினால் 14 மெகாஹெர்ட்ஸ், மாட்டினால் 7. 7இன் மூன்று மடங்கான 21 மெகாஹெர்ட்ஸில் டைபோல் மறுபடி ஒத்திசையும் என்பதால் அதற்குத் தனி இணைப்பே தேவையில்லை, மிச்சப் பொருத்தத்தை டியூனர் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் கருவி) சமாளித்துக்கொள்கிறது. இழுவிசை கனெக்டரில் விழாமல் நைலான் கயிற்றில் விழ வேண்டும். முதல் தடவை அதைக் கவனிக்காமல், காற்றில் பிய்ந்து போனது.

ஏழு மீட்டர் உயரம் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 40 மீட்டர்) தாழ்வுதான். ஆனால் அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்குகிறது. ஐந்து வாட்டில் மதுரையும் பெங்களூரும் தெளிவாகக் கேட்டன.

2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானில் ஹாம் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு, போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியதை நாம் எத்தனை முறை பேசியிருப்போம்! அப்படி ஒரு நாளில் தனி ஆள் பத்து நிமிடத்தில் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் இதற்கு இவ்வளவு மெனக்கெட்டேன். இப்போது பதினான்கு நிமிடம் ஆகிறது. கயிறு சிக்கிக்கொள்கிறது, சுற்றி வைக்க உனக்கு ஏதாவது யோசனை உண்டா?

ஞாயிறு காலை ஏழு மணிக்கு 7.090 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

73 (ஹாம் மொழியில் வாழ்த்துகள்),
ரவி