பாட்டி கேட்டபோதும், பாட்டிக்குத் தேவைப்பட்டபோதும் வந்தவர்களுக்கு

எங்கள் பாட்டியின் கடைசி மாதங்களில் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நன்றி மடல் என்றால் பெயர் சொல்லி எழுதுவதுதான் முறை. ஆனால் ரத்தம் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது பாட்டி கடைசிவரை விடாத விதி. தெரிந்தால் நோயாளி வீட்டார் தேடிப் போய்ப் பணத்தை நீட்டுவார்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவையும் அதே ஆளையே பிடிப்பார்கள் என்பார். அதனால் இதில் ஒருவர் பெயரும் இல்லை. படிக்கும்போது உங்களைத்தான் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். ரத்ததானம், ரத்ததானம் என்று இத்தனை வருடம் அலைந்த பாட்டி ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும் என்பார்கள்; அவருக்கு 11-ஐத் தாண்டியதே கிடையாது. முகாமுக்குப் போவார், விரல் நுனியில் குத்திப் பார்ப்பார்கள், ‘அடுத்த தடவை பாக்கலாம்மா’ என்று அனுப்பிவிடுவார்கள். இப்படியே போய் வயது வரம்பும் கடந்துவிட்டது. ‘எங்கிட்ட இல்லாட்டி என்ன, இருக்கிறவங்களக் கேக்க வாய் இருக்கே’ என்று நோட்டைக் கையில் எடுத்தார்.

கேட்பதற்கு ஒரு காரணமும் இருந்தது. அத்தை பிறந்தபோது பாட்டிக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. உலகம் முழுக்கப் பிரசவத்தில் தாய்மார்களைப் பறிக்கும் காரணங்களில் இன்றைக்கும் முன்னால் நிற்பது அதுதான். யாரோ கொடுத்த ரத்தம் ஏறி, பிழைத்து எழுந்தார். யார் என்று விசாரித்தும் தெரியவில்லை. ‘தெரிஞ்சிருந்தா அந்த ஒருத்தருக்கு நன்றி சொல்லிட்டுச் சும்மா இருந்திருப்பேன், தெரியாமப் போனதுதான் வம்பாப் போச்சு’ என்பது அவர் வாடிக்கையாகச் சொல்லும் வேடிக்கை.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணக்கு எழுதும் நீளமான நோட்டு. குரூப் வாரியாகப் பக்கங்கள். பெயர், நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. இதெல்லாம் யாரும் எழுதுவதுதான். பாட்டி அதற்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பதுதான் விசேஷம். ‘ராத்திரி ஷிப்ட், பத்து மணிக்கு முன்னால் எழுப்பக் கூடாது.’ ‘ஊசியைப் பார்த்தால் பயம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.’ ‘அம்மாவுக்குத் தெரியாமல் கொடுக்கிறான், வீட்டு நம்பருக்குப் போடாதே.’ ‘வரேன் என்பான், வர மாட்டான். ஆனால் நல்ல பையன்.’ இந்தக் கடைசிப் பையன் பாட்டிக்குத் தேவைப்பட்டபோது வந்தார். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டோம், தம்பி.

கடைசிப் பக்கத்தில் இரண்டே பெயர்கள், சிவப்பு மையில் கோடிட்டு. பாம்பே குரூப். 1952-இல் பம்பாயில் மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னதால் அந்தப் பெயர். சாதாரணப் பரிசோதனையில் ஓ குரூப் போலவே தெரியும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. அவர்களுக்கு அவர்களேதான் கொடுக்க முடியும். அந்த இருவரையும் அவசரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டி கூப்பிட்டு நலம் விசாரித்துக்கொண்டே இருப்பார். ஊர் மாறிப் போய்விடப் போகிறார்களே என்ற கவலை!

வாட்ஸ்அப் வந்த பிறகு அவருக்கு வேலை கூடிப்போனது. ‘அவசரம், ரத்தம் தேவை’ என்று வரும் செய்தியை அப்படியே அடுத்தவருக்குத் தள்ள மாட்டார். அதில் இருக்கும் நம்பருக்குப் போட்டுப் பேசுவார். பாதிக்கு மேல் எப்போதோ முடிந்த கதையாக இருக்கும்; தேதி போடாத செய்தி வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருமுறை எதிர்முனையில் எடுத்தவர், அந்தக் குழந்தை இறந்து நாளாகிறது, இன்னும் போன் வந்துகொண்டே இருக்கிறது என்று அழுதிருக்கிறார். அன்று முழுக்கப் பாட்டி உட்கார்ந்து, அந்தச் செய்தி எந்தெந்தக் குழுவில் வந்ததோ அங்கெல்லாம் ‘தேவை முடிந்தது, இனி அனுப்ப வேண்டாம்’ என்று ஒற்றை விரலால் தட்டித் தட்டி அனுப்பினார்.

கடைசியில் பாட்டியின் எலும்பு மஜ்ஜையே ரத்தம் உண்டாக்குவதைக் குறைத்துக்கொண்டது. சில வாரங்களுக்கு ஒருமுறை சிவப்பணு ஏற்றியாக வேண்டும். ஓ பாசிட்டிவ்தானே, கிடைத்துவிடும் என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். பாட்டியின் நோட்டிலேயே அதிகப் பக்கம் பிடித்த குரூப் அது. ஆனால் திரும்பத் திரும்ப ஏற்றும்போது சிலர் உடம்பில் எதிர்ப்புப் புரதங்கள் உண்டாகிவிடும். அதன் பிறகு குரூப் பொருந்தினாலும் எல்லாப் பையும் சேராது. ஏபிஓ, ஆர்ஹெச் (பாசிட்டிவ், நெகட்டிவ்) தவிரவும் கெல், டஃபி, கிட் என்று எத்தனையோ வகை இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே முதல் நன்றி ரத்த வங்கியின் ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் ஒவ்வொரு பையாக எடுத்துப் பாட்டியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘ஏன் இவ்வளவு நேரம்’ என்று இந்தப் பக்கம் நாங்கள் முணுமுணுத்தோம். எங்களைத் திட்டியது பாட்டிதான். ‘லேட் ஆகுதுன்னா ஒழுங்கா பாக்குறாங்கன்னு அர்த்தம்.’ 1901-இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைக் கண்டு சொல்வதற்கு முன்னால், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள், ஏனென்று யாருக்கும் தெரியவில்லை என்ற கதையைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே பழகியவர் அவர். லேண்ட்ஸ்டெய்னர் பிறந்த நாளான ஜூன் 14-தான் 2004-இலிருந்து உலக ரத்ததான நாள். அன்றைக்குப் பாட்டி வீட்டில் இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

வார்டில் இருந்த செவிலியர் தங்கைகளுக்கு என்ன சொல்ல! ரத்தம் இறங்க ஆரம்பித்து முதல் 15 நிமிடம் நோயாளியை விட்டு நகரக் கூடாது; குளிர், அரிப்பு, முதுகுவலி என்று ஏதாவது வந்தால் அப்போதே நிறுத்த வேண்டும். அந்த நேரத்தைப் பாட்டியோடு பேசியே கழித்தீர்கள். ஏற்றுவதற்கு முன் பையைத் தன் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்வாரே, குரூப்பையும் காலாவதித் தேதியையும் தானும் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் கையை நீட்டுவாரே, அதற்கு ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை நீங்கள். ஒரு பை 4 மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நேரம் ஆக ஆக அவரே கடிகாரத்தைப் பார்த்து உங்களை அவசரப்படுத்தியதையும் பொறுத்துக்கொண்டீர்கள்.

ரத்தம் கொடுத்தவர்களே, உங்களுக்கு நன்றி சொன்னால் பாட்டிக்குப் பிடிக்காது. ‘தண்ணி நிறைய குடிச்சியா? இன்னிக்கு வெயிட் தூக்காதே’ என்று கேட்பதுதான் அவர் நன்றி. படுக்கையில் இருந்தபடியே, தனக்குக் கொடுத்தவர்களையும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டார் என்று பின்னால் உங்களில் சிலர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இரவுகளில் காரை எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் காவல் இருந்த அக்காவுக்கும், இனி ஏற்ற வேண்டாம் என்று பாட்டியே முடிவெடுத்தபோது அதை மதித்து, வலி இல்லாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் எங்கள் நன்றி. அந்த முடிவை எங்களால் உடனே ஏற்க முடியவில்லை. ‘அந்தப் பையை வேற யாருக்காவது குடுங்க’ என்றார். அதற்கு மேல் பேச எங்களுக்கு வழியில்லை.

நோட்டு இப்போது சின்ன அண்ணியிடம் இருக்கிறது. கணினியில் ஏற்றித் தந்த பிள்ளைகளுக்கு நன்றி. பென்சில் குறிப்புகளை மட்டும் ஏற்றவில்லை, அவை நோட்டோடு இருக்கட்டும். பாட்டியின் நம்பரை நிறுத்தவில்லை, அண்ணிதான் எடுப்பார். கூப்பிடுகிறவர்கள் நோயாளி பெயர், மருத்துவமனை, குரூப், சிவப்பணுவா தட்டணுவா (பிளேட்லெட்), எத்தனை மணிக்குள் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தட்டணு என்றால் கூடுமானவரை முந்தியே சொல்லுங்கள். அது 5 நாள்தான் தாங்கும், இருப்பு வைக்க முடியாது.

பாட்டிக்குத் தேவை என்று நாங்கள் அனுப்பிய செய்தி இன்னும் சில குழுக்களில் சுற்றுகிறது. பார்த்தால் தேவை முடிந்தது என்று சொல்லி நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள்