எலி அடுக்கிய தட்டைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் காட்டுவோருக்கு

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் வாசிகசாலைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

விடுமுறையில் பிள்ளைகளுக்கு, எலியொன்று சமையற்காரனாகும் 'ரட்டட்டூயி' கார்ட்டூன் படம் போடுங்கள், நல்லதுதான். ஆனால் படம் முடிந்ததும் கத்தரிக்காயையும் தக்காளியையும் குழைய வதக்கி, "இதுதான் எலி சமைத்தது" என்று கொடுக்காதீர்கள். அதுவும் ரட்டட்டூயிதான், பிரான்சின் நீஸ் ஊர்ப் பக்குவம், ருசிக்குக் குறைவில்லை. 2007இல் வந்த இந்தப் படத்தில் எலி அடுக்குவதோ, சமையற்கலைஞர் தோமஸ் கெல்லர் படத்துக்கென அமைத்துக் கொடுத்த வடிவம். பிள்ளைகள் கண்ணால் கண்டதைத்தான் கேட்பார்கள்.

அடியில் போட 3 கறிமிளகாய், 1 பெரிய வெங்காயம், 4 பல் பூண்டு, 4 பழுத்த தக்காளி. பொடியாக அரிந்து, எண்ணெயில் நீர் சுண்டும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டு இறக்கினால் மேலடுக்கு குழம்பில் மிதக்கும்.

மேலே அடுக்க மெல்லிய நீளக் கத்தரிக்காய், நுவரெலியாச் சுக்கினி, கெட்டித் தக்காளி. மூன்றும் ஒரே பருமனாக இருக்கட்டும். உருண்டைக் கத்தரிக்காய் வாங்கினால் அடுக்கு சரியும். வில்லை 2 மில்லிமீற்றர் போதும். தடித்தால் தக்காளி கரைந்த பிறகும் கத்தரிக்காய் வேகாது. சுக்கினி கிடைக்காவிட்டால் பிஞ்சுச் சௌசௌ, ஆனால் இன்னும் மெலிதாகச் சீவ வேண்டும். உப்பை அடுக்கி முடித்த பிறகே தூவுங்கள். முன்னமே போட்டால் தண்ணீர் விட்டு வில்லைகள் துவண்டுவிடும்.

போறணை 135 பாகை செல்சியஸ். தட்டை இறுக மூடி 2 மணி நேரம், திறந்து இன்னும் 30 நிமிடம். படம் 111 நிமிடம் ஓடும்; தட்டு உள்ளே போய் 40 நிமிடம் கழித்துப் படத்தைத் தொடங்கினால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக முடியும். நடுவில் மூடியைத் திறக்க ஒருவர் எழுந்து போகத்தான் வேண்டும். பேக்கரிப் போறணை என்றால் பாண் எடுத்தவுடன் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் ஓரம் கருகும், நடு பச்சையாக நிற்கும்.

எலிகள் சமைக்குமுன் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் குளிக்கும் இடத்தில் படத்தைச் சற்று நிறுத்துங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலுமிருந்து, காலிலுள்ள காயம் வழியாக எலிக்காய்ச்சல் ஏறும் என்பதையும், லயத்துக்கு வரும் எலி குளித்துவிட்டு வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள், மறக்கமாட்டார்கள்.

போறணையே இல்லையா? அடி கனத்த சட்டியில் அடுக்கி, கீழே தோசைக்கல் வைத்து, மூடி, மிகச் சிறு தணலில் வேகவிடுங்கள். கத்தரிக்காய் விரலுக்கு நசிந்தால் இறக்கலாம். மேற்புறம் வாடிச் சுருங்கிய அந்த நிறம் மட்டும் வராது.

இப்படிக்கு,
ஹோட்டல் சமையலறைகளில் வேலைசெய்யும் மலையகத்தார்