செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வைப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு தெகோடோன்டோசாரஸ் என்ற டைனோசருக்கே போனது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நாம் அன்றாடம் நடக்கிற டர்டாம் டவுன் மேட்டுப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் 1834இல் அதன் எலும்புகள் கிடைத்தன. மருத்துவர் ஹென்றி ரைலியும் அருங்காட்சியகக் காப்பாளர் சாமுவேல் ஸ்டட்ச்பரியும் 1836இல் பெயர் வைத்தார்கள். 'டைனோசர்' என்ற சொல் வந்ததே 1842இல்தான். இது நம் வட்டாரத்துக்கு எவ்வளவு பெரிய பெருமை!

ஜூன் மாத நடையில் பிள்ளைகள் பாதையில் சாக்பீஸால் அதை முழு அளவில் வரைந்தார்கள். மூக்கு முதல் வால் நுனி வரை சுமார் 2 மீட்டர். கழுத்தும் வாலும் போக, உடம்பு ஒரு நாயளவுதான். ஒரு சிறுமி கோட்டுக்குள் படுத்து, "இவ்வளவு சின்னதா?" என்று கேட்டாள். அப்புறம் பல்லின் பெரிதாக்கிய படத்தைக் காட்டினோம். இலை வடிவம், ஓரமெல்லாம் ரம்பம் போன்ற சிறு வெட்டுகள். தழையைக் கிழிக்கத் தோதான பல். 2020இல் அதன் மூளையைக் கணினியில் மீட்டுருவாக்கிய ஆய்வாளர்கள், இரண்டு காலில் நடந்திருக்கும், கொஞ்சம் இறைச்சியும் தின்றிருக்கலாம் என்கிறார்கள். அந்தப் பல்லைப் பார்த்த எனக்குத் தழைதான் முக்கிய உணவு என்று படுகிறது.

முழு எலும்புக்கூடு ஏன் இல்லை என்று பலர் கேட்டீர்கள். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே சுண்ணாம்புப் பாறையில் பிளவுகளும் குகைகளும் இருந்தன. மழைவெள்ளம் எலும்புகளை அவற்றுக்குள் அடித்துச் சென்றது. அதனால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கின்றன. கிடைத்தவற்றிலும் பல, முதலில் விவரித்த கீழ்த்தாடை உட்பட, இரண்டாம் உலகப் போரில் 1940 நவம்பர் குண்டுவீச்சில் அழிந்தன. நூறாண்டு பொத்திக் காத்தது ஒரே இரவில் போயிற்று. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

நல்லவேளை, 1975இல் பிரிஸ்டலுக்கு அருகே டைதரிங்டன் குவாரியில் மறுபடி எலும்புகள் வெளிப்பட்டன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் அந்தப் பாறைகளைக் கொண்டுவந்து, பல ஆண்டுகளாகப் பொறுமையாக எலும்பைப் பிரித்தெடுத்தார்கள்.

நடையின்போது குவாரி ஸ்டெப்ஸ் படிக்கட்டு ஏறுவது சிரமம் என்று மூத்த உறுப்பினர்கள் சொன்னது சரிதான். அடுத்த ஆண்டு நடை மேட்டிலிருந்தே தொடங்கும். வரைவதற்குச் சாக்பீஸ் சங்கமே கொண்டுவரும்.

இங்ஙனம்,
செயலாளர்