ரயிலின் வேகத்துக்கு ஈடுகொடுக்காத செல்பேசி இணைப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோட்டுக்கும் சென்னைக்கும் மாதம் இருமுறை ரயிலில் போய்வருபவன் நான். சென்ற வாரம் மொரப்பூரைத் தாண்டும் நேரத்தில், மருத்துவர் புதிதாக எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரை அம்மா செல்பேசியில் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் சிக்னல் கோடுகள் இரண்டு தெரியும்போதே குரல் துண்டு துண்டாகி, சில நொடி மௌனத்துக்குப் பின் அழைப்பு அறுந்தது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் 'அங்கே டவர் குறைவு' என்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். இருக்கிற டவர்களிலிருந்து இணைப்பு நழுவும் விதத்தையும் கவனிக்க வேண்டாமா?

4ஜியில் அலைத்தொடர்பு கெட்டவுடன் செல்பேசி வேறு டவரைத் தேடிவிடாது. நெட்வொர்க் வகுத்துக் கொடுத்த அவகாசம் முடியும்வரை, அது அரை நொடியாகவும் இருக்கலாம், 2 நொடியாகவும் இருக்கலாம், பழைய சிக்னல் திரும்புமா என்று காத்திருக்கும். தெருவில் நடப்பவருக்கு இது நல்லதே. 2 நொடியில் அவர் 3 மீட்டர்கூட நகர்ந்திருக்க மாட்டார், குறுக்கே வந்த லாரி விலகியதும் சிக்னல் வந்துவிடும். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயிலோ அதற்குள் 72 மீட்டர் போயிருக்கும். பின்னால் விலகிக்கொண்டே போகும் டவருக்காக அங்கே காத்திருப்பது பெரும்பாலும் வீண்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. குறித்த நேரத்துக்குள் எத்தனை செல்களை (டவர்களின் சேவைப் பகுதிகளை) கடந்தோம் என்று எண்ணி, செல்பேசி தன் வேகத்தைக் கணித்து, அடுத்த டவருக்கு மாறுமுன் பொறுக்கும் நேரத்தைக் கால் பங்காகக்கூடக் குறைத்துக்கொள்ள, செல்பேசித் தொழில்நுட்பத்துக்கு உலகளாவிய தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 4ஜி தரநிலை தொடக்கத்திலிருந்தே இடம் தருகிறது. அடுத்த டவர் வலுவாகத் தெரிந்தும் மாற்றம் நடக்காதபோது, பழைய டவருக்கான காத்திருப்பை முன்கூட்டியே முடிக்கும் தனி டைமரும் அதன் 12ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. டவர் மாறுமுன் பொறுக்கும் நேரத்தை எல்லோருக்கும் ஒரே அளவாகக் குறைத்தால், நின்ற இடத்தில் இருப்பவரின் அழைப்பு இரு டவர்களுக்கிடையே ஊசலாடும் என்பதால், வேகத்தைப் பொறுத்தே மாற்ற வேண்டும்.

ஆகவே, செல்பேசிச் சேவை நிறுவனங்கள் ரயில் பாதையோரத்துச் செல்களில் இந்த வசதிகளை முறையாக அமைக்க வேண்டும். ரயில் தடங்களில் சோதனை நடத்தும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அழைப்பு அறுந்த இடத்தோடு ரயிலின் அப்போதைய வேகத்தையும், மறு இணைப்புக்கு ஆன நேரத்தையும் பதிந்து வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரயில் பயணி ஒருவர்,
ஈரோடு.