நரம்பு மின்கம்பி அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். மின்சாரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் மின்மாற்றி பற்றிய பகுதி தெளிவாக இருந்தது. ஆனால் உடலைப் பற்றிச் சொல்ல வந்ததும், நரம்புகள் எல்லாம் நமக்குள் ஓடும் மின்கம்பிகள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பள்ளிப் புத்தகங்களும் இதைத்தான் சொல்கின்றன. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கம்பியில் எலக்ட்ரான்கள் நீளவாக்கில் நகர்கின்றன. நரம்பில் சோடியம், பொட்டாசியம் அயனிகள் செல்சவ்வின் குறுக்கே உள்ளே வருகின்றன, வெளியே போகின்றன. ஓரிடத்தில் சோடியம் புகுந்தால், பக்கத்து இடத்தில் அயனிகளை உள்ளே விடும் சவ்வின் வாயில்கள் திறக்கும். அப்புறம் அதற்கடுத்த இடம். மைதானத்தில் ரசிகர்கள் எழுந்து உட்கார, அலை மட்டும் சுற்றி ஓடுமே, அப்படி. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து 1952-இல் சமன்பாடுகளாகவே எழுதிவிட்டார்கள்.

ஒவ்வோர் இடத்திலும் நரம்பின் மின்துடிப்பு புதிதாகப் பிறப்பதால், கால்விரலில் கிளம்பியது முதுகுத்தண்டை அடையும்போதும் வலுக் குறைவதில்லை. மின்கம்பியில் போகும் வழியெல்லாம் இழப்புதான். அதற்காகத்தான் லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். வேகத்தில் நரம்பு தோற்றுவிடும். மிக வேகமான நரம்பிழையிலும் நொடிக்குச் சுமார் 120 மீட்டர்தான்.

சவ்வின் இரு பக்கமும் உள்ள வேறுபாடு சுமார் 70 மில்லிவோல்ட். அற்பம் என்று தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் மீட்டரில் நூறு கோடியில் ஏழெட்டுப் பங்கு. கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஏறக்குறைய 1 கோடி வோல்ட் வருகிறது! காற்றில் 30 லட்சத்திலேயே பொறி பறந்துவிடும்.

மின்அதிர்ச்சி என்றால் தீக்காயம் என்று மட்டும் கட்டுரையில் இருந்ததுதான் எனக்குப் பெரிய குறை. வெளியிலிருந்து வரும் மின்னோட்டம் இந்த வாயில்களைக் கண்டபடி திறந்துவிடுகிறது. வீட்டு மின்சாரத்தில் 10 மில்லிஆம்பியர் அளவிலேயே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். நெஞ்சு வழியாக 100 மில்லிஆம்பியர் ஒன்றிரண்டு நொடி பாய்ந்தால், தோலில் தழும்பே இல்லாமல் இதயத்தின் தாளம் குலைந்து உயிர் போகலாம். வீட்டில் வழக்கமாக இருக்கும் எம்.சி.பி. என்ற தானியங்கி சுவிட்ச் பல ஆம்பியர் பாய்ந்தால்தான் விழும். அது வயரிங்கைக் காக்க வந்தது. ஆளைக் காக்க 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி வேண்டும். அடுத்த இதழில் இதைப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்