கயல்விழிக்கு, தேர்தல் முடிந்த பிறகு

மன்னார்குடி,
15.12.2024

அன்புள்ள கயல்,

அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் தோற்றதோடு ஜனநாயகக் கட்சியின் கதை முடிந்துவிட்டது, இனி யாருக்காகவும் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். வரலாறு நடத்தியவள் நீதானே, நீயே பதில் எழுது என்றார்.

உன் துயரம் எனக்குத் தெரியாமல் இல்லை. துளசேந்திரபுரத்துக் கோயிலில் கமலா ஹாரிஸுக்காகப் பூசை நடந்தபோது இங்கே எல்லாருக்கும் தாத்தா ஊர்ப் பாசம். நீ உழைத்தது அந்தப் பாசத்துக்காக அல்ல, பெண்களின் கருக்கலைப்பு உரிமைக்காக. அது பறிபோகிறதே என்று நீ கலங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதை முடிந்தது என்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

முதலில் கணக்கைப் பார். அதிபரை முடிவு செய்பவை மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள். அதில் குடியரசுக் கட்சியின் டிரம்ப்புக்கு 312, ஹாரிஸுக்கு 226. எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு மாநிலங்களும் டிரம்ப்புக்கே போய்விட்டன. சரி. மக்கள் போட்ட வாக்கில் வித்தியாசம் எவ்வளவு? ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிக்கு 220, உங்கள் கட்சிக்கு 215. அரிசோனா, மிச்சிகன், நெவாடா, விஸ்கான்சின் நான்கிலும் டிரம்ப் வென்ற அதே நாளில் செனட் இடத்தை உங்கள் கட்சி வென்றிருக்கிறது. ஒரே வாக்குச்சீட்டில் இரு பக்கமும் குத்திய மக்கள் அங்கே இருக்கிறார்கள்.

உண்மையான பேரலை 1936இல் அடித்தது. ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு 523 தேர்வாளர் வாக்குகள், குடியரசுக் கட்சி எதிரிக்கு 8. மெயின், வெர்மான்ட் இரண்டைத் தவிர எல்லா மாநிலமும் அவருக்கு. குடியரசுக் கட்சி இனி எழாது என்று பேசாதவர் இல்லை. அந்த வெற்றியை நம்பி ரூஸ்வெல்ட் 1937இல் உச்ச நீதிமன்றத்தில் கூடுதலாக ஆறு நீதிபதிகள் வரை நியமிக்க வழி தேடினார். சொந்தக் கட்சிக்காரர்களே மறித்தார்கள். பொருளாதாரமும் மறுபடி சரிந்தது. 1938இல் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் சுமார் 80 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. மக்கள் கொடுத்ததைவிடப் பெரிய அதிகாரம் தன் கையில் இருப்பதாக வென்றவர் நினைத்துவிடுகிறார். டிரம்ப்புக்கும் அந்த ஆபத்து உண்டு.

1964 இன்னும் சிக்கலானது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டர் வென்றவை ஆறே மாநிலங்கள். சொந்த அரிசோனாவைத் தவிர மற்ற ஐந்தும் தெற்கு மாநிலங்கள். அவர் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர் என்பதால் அங்கிருந்த வெள்ளையர்கள் கட்சி மாறினார்கள். இரண்டே ஆண்டுகளில் அதே கட்சியின் ரீகன் கலிபோர்னியா கவர்னர். நான்கே ஆண்டுகளில் அதே கட்சியின் நிக்சன் அதிபர். கறுப்பின மக்களின் உரிமை மீதான கோபத்தையும் எருவாகப் போட்டு வளர்ந்த மீட்சி அது. அதை என்னால் மெச்ச முடியாது. தோற்ற கட்சி எழுந்துவிடும், கயல். எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறது என்பதுதான் என் கவலை.

1967இல் தமிழ்நாட்டில் காங்கிரசுக்கு நேர்ந்ததுதான் இது என்கிறாய். அதன்பின் காங்கிரஸ் இங்கே ஆட்சிக்கு வரவே இல்லை என்பது உண்மை. ஆனால் இங்கே வேட்பாளரை முடிவு செய்வது தலைமை. பிடிக்காதவர் வெளியேறித் தனிக்கட்சி தொடங்க வேண்டும். உங்கள் ஊரில் கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல் இருக்கிறது. 2012 தோல்விக்குப் பிறகு குடியரசுக் கட்சித் தலைமை ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. குடியேற்றச் சீர்திருத்தத்தை ஆதரிக்க வேண்டும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை அரவணைக்க வேண்டும் என்றது. 2016 பிரைமரியில் அந்தக் கட்சியின் வாக்காளர்கள் நேர்மாறாகப் பேசிய டிரம்ப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வென்றார். இந்த முறை லத்தீன் வாக்காளர்களில் பாதியை நெருங்கும் அளவினரும் அவர் பக்கம் வந்துவிட்டார்கள். எந்தக் குழுவின் அறிக்கையும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. கட்சி எந்தத் திசையில் போகும் என்பதைப் பிரைமரிக்கு வந்து நின்றவர்கள் தீர்மானித்தார்கள்.

கட்சி சாகவே சாகாது என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவின் பழைய விக் கட்சி செத்தது. 1852இல் நான்கு மாநிலங்கள் மட்டும் கிடைத்த தோல்வி பெரிய அடிதான், அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று நாடு கேட்டபோது அக்கட்சியின் வடக்கும் தெற்கும் வெவ்வேறு பதில் சொன்னதால் உடைந்தது. 1854இல் குடியரசுக் கட்சி பிறந்தது. ஆறு ஆண்டுகளில் அக்கட்சியின் லிங்கன் அதிபர் தேர்தலில் வென்றார். இன்று உன் நாடு கேட்கும் கேள்வி என்ன? வீட்டு வாடகையும் மளிகைச் செலவும் என்று நீதான் முன்பு எழுதினாய். அதற்கு உங்கள் கட்சியிடம் ஒரே பதில் இருந்ததா?

நீ வாழும் நியூ ஜெர்சியையே எடுத்துக்கொள். 2020இல் பைடன் சுமார் 16 புள்ளிகள் முன்னிலை பெற்ற மாநிலம். ஹாரிஸ் பெற்றது 6 அளவில்தான். அங்கே பசேயிக் கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி, டிரம்ப் பக்கமே போய்விட்டது. நீ பென்சில்வேனியாவுக்குப் போய்க் கதவு தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கவுண்டியின் மனம் மாறியிருக்கிறது. அவர்களைத் திட்டாதே. போய்க் கேள். ஸ்பானிஷ் தெரிந்த தோழி யாரையாவது உடன் அழைத்துப் போ.

இன்னொன்று. உங்கள் மாநிலத்தில் செனட்டுக்கு நின்ற ஆண்டி கிம் தொடுத்த வழக்கில், கட்சி நிர்வாகிகள் ஆதரிப்பவர்களின் பெயர்களை மட்டும் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் முன்னிறுத்தும் வழக்கத்தை இந்த ஆண்டு ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கிம் செனட்டுக்குத் தேர்வாகிவிட்டார். வரும் ஜூனில் கவர்னர் பதவிக்கான பிரைமரி. இரண்டு முறை வென்ற கவர்னர் மர்ஃபி மறுபடி நிற்க முடியாது, களம் திறந்து கிடக்கிறது. இத்தனை காலம் நிர்வாகிகள் கையில் இருந்தது வாக்காளர் கைக்கு வரும் நேரத்தில் நீ விலகுகிறேன் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

யார் யார் நிற்கிறார்கள், வாடகையைப் பற்றி ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுது. பேத்தியின் சளி குறைந்ததா என்பதையும் எழுது. அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா